வேலை முடிந்த பிறகு எரிகிற தீ

இடது கை எந்த வேகத்தில் உருட்டுகிறதோ வலது கையும் அதே வேகத்தில் உருட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தை, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பட்டறை செலின் தன் மேசைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதானாம். இரண்டு கையும் ஒரே உடம்பில் முளைத்ததுதான், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்ததுதான், ஆனாலும் ஒன்று சொல்வதை மற்றது கேட்பேனா என்கிறது, பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி. சுயம்புலிங்கம் ஊதா நிற மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்திருந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் தீயின் ஓரத்தில் காட்டினார். உள்ளே நீட்டவில்லை, காட்டத்தான் செய்தார். விருந்துக்கு வந்தவன் வாசலில் நின்று காலைக் கழுவிவிட்டு உள்ளே வருகிற மாதிரி, கண்ணாடி முதலில் வெளியே நின்று சூடு வாங்க வேண்டும். நேரே உள்ளே நுழைந்தால் டிக் என்று தெறித்துவிடும். பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலைகளில் நெருப்பில் வைக்கிறார்களே, அந்தக் கண்ணாடி இது. அதற்கு செலின் சொல்லுகிற முழுப் பெயர் அவர் வாயில் நுழையாது. போரோ என்று பாதிப் பெயரைச் சொல்லுவார், அதுவே போதும், ஊரில் யாரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். தீ மேசையில் முடுக்கிவைத்த பர்னரிலிருந்து நீலமாக, நேராக, ஒரு சாண் நீளத்துக்கு உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் அவருக்குத் தாய்மாமன் குரல் மாதிரிப் பழக்கம். தூத்துக்குடி பழைய இரும்பு யார்டில் வயசுக்காலமெல்லாம் கேஸ் கட்டராக நின்றவர். பாய்லர், தோணி எஞ்சின், உப்பளத்துத் தொட்டி, எது வந்தாலும் அறுத்துப்போட்டவர். அங்கே தீயைக் கையில் தூக்கிக்கொண்டு இரும்பைத் தேடிப் போவோம். இங்கே தீ சாமி மாதிரி ஓரிடத்தில் இருக்கிறது, நாம்தான் சாமானைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இந்த ஒரு விஷயமே அவருக்குச் சிரிப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தது, இத்தனை வயசுக்குமேல் தீக்கு முன்னால் உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களே என்று.

இன்றைக்கு உடையக் கூடாது. எந்த ஞாயிற்றுக்கிழமை உடைந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை உடையக் கூடாது. காலையில் பெண்டாட்டி செல்லக்கனி பட்டுச்சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள். "இன்னைக்கும் கண்ணாடி ஊதத்தான் போறீயளாக்கும்?" ஆமா என்றார். "என் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து, ஊரே போவுது, நீங்க வரமாட்டீய." வரமாட்டேன் என்று எப்பவோ சொன்னதுதானே, இன்றைக்கு என்ன புதுசாகக் கேட்கிறாய் என்றார். அப்போதுதான் அவள் ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடித்த வாயாலேயே சொன்னாள்: "சரி, ஒரு பந்தயம். இன்னைக்கு நீங்க ஒட்டுத குழாய் உடையாம அந்தச் சூளைக்குள்ள போயிருச்சுன்னா, இனிமே செத்தாலும் தவசிமுத்து வீட்டுக்கு வாங்கன்னு உங்களக் கூப்பிட மாட்டேன். உடைஞ்சா, நேரா மண்டபத்துக்கு வந்து பந்தியில உக்காரணும்." அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார். "என்ன, பயமா? இதுவரைக்கும் ஒண்ணாவது முழுசா உள்ள போயிருக்கா?" போனதில்லைதான். ஒட்டுவதெல்லாம் ஒட்டிவிடும், தீயிலிருந்து எடுத்துச் சுவரோரம் இருக்கிற மின்சாரச் சூளைக்குக் கொண்டுபோகிற அந்த நாலு எட்டில் டிக். உள்ளே போய்விட்டால் பயமில்லை, ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல ஆறி மறுநாள் காலையில் வரும், செலின் அடித்துச் சொல்லியிருக்கிறாள், உடைவதெல்லாம் போகிற வழியில்தான். பந்தயம்னா பந்தயம் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார். சொல்லும்போது நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இந்த ஒரு குழாய் ஒட்டிக்கொண்டால் போதும், தவசிமுத்து வீட்டு வாசல் இந்த ஜென்மத்துக்கு அடைபட்டது, அடைத்தவர் அவர், பூட்டியது கண்ணாடியால்.

உருட்டு, உருட்டு. பனங்கிழங்கைத் தணலில் உருட்டுகிற மாதிரி, அவசரம் கிடையாது. குழாய்களின் முனை முதலில் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தது, பிறகு ஓரத்தில் சின்ன ஆரஞ்சு வளையம், பிறகு அந்த வளையம் தடித்தது, விளிம்பு வழவழவென்று உருகி உள்பக்கமாக மடிந்தது, குழந்தை தூக்கத்தில் உதட்டைக் குவிக்கிற மாதிரி. இதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். இரும்பு இப்படிக் குழையாது. இரும்பு சிவக்கும், வெளுக்கும், பொறி பொறியாகத் திட்டிக்கொண்டே அறுபடும், கடைசிவரை வீறாப்பு. இது அப்படியில்லை, சூடானால் தேன், தேனே இப்படி இழுபடாது. ஊதாக் கண்ணாடி போட்டதால் மஞ்சள் வெளிச்சம் எல்லாம் ஒதுங்கிப்போய், உருகுகிற இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மனுஷனைப் பார்க்கவும் இப்படி ஒரு கண்ணாடி இருந்தால் எவ்வளவு சௌகரியம், யார் யார் எந்த இடத்தில் இளகுவான் என்று தெரிந்துவிடும். தவசிமுத்துவைப் பார்த்தால் ஒரு இடமும் தெரியாது, அடியிலிருந்து நுனிவரை அலுமினியம், அவன் விற்கிற பாத்திரம் மாதிரியே. சகலை. பெண்டாட்டியின் தங்கையைக் கட்டியவன். பாத்திரக்கடைக்காரன், எட்டுப் பேர் கூடியிருக்கிற இடத்தில் அவன்தான் பேச வேண்டும். அன்றைக்கு அப்படித்தான், அவன் வீட்டுப் பால்காய்ப்பு, பந்தல்கால் இரும்பில் ஒன்று ஒட்டு விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இவர் பக்கம் கைகாட்டி, நம்ம சுயம்பு அண்ணாச்சிதான் இருக்காரே, ஒரு பத்தவைப்பு வச்சுருவாரே என்றார்கள். அதற்கு அவன், கையில் காப்பித் தம்ளரோடு, "சகலைகிட்ட குடுத்துராதீங்கப்பா, அவருக்கு அறுக்கத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது" என்று…

முறுக்கிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை முந்திப்போய், குழாயின் இளகிய உதடு பிழிந்த துணி மாதிரி ஒரு பக்கமாகக் கோணியது. யாத்தே. சட்டென்று தீயிலிருந்து வெளியே எடுக்கப்போய், எடுக்காதே என்று நினைவு வந்து, ஓரத்தில் நிறுத்தி உருட்டினார். அந்தப் பக்க மேசையிலிருந்து செலின் தலையைத் தூக்காமலே, "யாரு அண்ணாச்சி?" என்றாள். "யாரும் இல்ல." "யாரும் இல்லாமலா இப்படிக் கோணுது? மனசுல ஒருத்தர வச்சுக்கிட்டு ஊதுனா இப்படித்தான். நான் எங்க வீட்டுக்காரர நினைச்சா என் பீக்கர் வாய் கோணிரும், அதனால வேலைநேரத்துல நினைக்கிறதே இல்ல." சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு ஒரு காலேஜ் ஆர்டருக்கு வளைகுழாய் வளைத்துக்கொண்டிருந்தாள். முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தவள், நெற்றியில் முக்காடு போட்ட தடம் இன்னும் இருந்தது. நல்ல பெண். ஆக்சிஜன் சிலிண்டர் இறக்குகிறவர்களோடு சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரை, "நெருப்பப் பாத்து இவ்வளவு சந்தோஷப்படுத ஆள நான் பாத்ததே இல்ல, உக்காருங்க" என்று உட்காரவைத்தவள். சரி, கோணினால் என்ன, மறுபடியும் சூடாக்கினால் மறுபடியும் வட்டமாகும். இதுதான் இதில் அருமை. இரும்பை அறுத்துவிட்டால் அறுத்ததுதான், தப்பாக அறுத்தால் யார்டு முதலாளி பரம்பரையை இழுப்பார். இது மன்னித்துவிடுகிறது, தீக்குள் போனால் பழசை மறந்துவிடுகிறது, உதடு மறுபடியும் குவிந்தது, மறுபடியும் வட்டம், என்னமோ கோணியதே இல்லை என்கிற மாதிரி. கள்ளி. அவர் அப்படி மறக்கிற ஜாதி இல்லை. அளவெடுத்துவிட்டுக் கையைக் குட்டையாகத் தைத்த டெய்லரோடு பேச்சில்லை, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாத கண்டக்டரின் பஸ்ஸில் ஏறுவதில்லை, மருதநாயகம் பலசரக்குக் கடையில் எப்போதோ புழுத்த துவரம்பருப்பு கொடுத்ததற்காக அந்தத் தெரு வழியாகவே நடப்பதில்லை, சுற்றித்தான் போவார். ஒவ்வொரு கோபத்தையும் ஆட்டுக்குட்டி மாதிரி தழை போட்டு வளர்த்திருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். அதில் கொழுத்த கிடா தவசிமுத்து.

இப்போது அவனை நினைக்கக் கூடாது. நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் நினைப்புதான், கை அதற்கும் கோணும். வேறு எதையாவது நினை. புரோட்டா. சால்னா. வேண்டாம், பசிக்கும், இந்நேரம் மண்டபத்தில் கறி வெந்துகொண்டிருக்கும், அது அவன் வீட்டுக் கறி. உருட்டை மட்டும் நினை. இடது, வலது, இடது, வலது, இரண்டும் ஒன்றாக, நீ முந்தாதே, நீ பிந்தாதே. இரண்டு முனையும் ஒரே நிறத்துக்கு வந்தன. இந்த நேரம்தான். தீயிலிருந்து ஒரு விரற்கடை வெளியே எடுத்து, மூச்சைப் பிடித்து, ஒன்றை ஒன்று தொடவைத்தார். முத்தம் என்று செலின் சொல்லுவாள், அவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார், தொட்டுக்கிச்சு என்பார். தொட்டுக்கொண்டது. கையில் ஒரு சின்ன ஒட்டல் தெரிந்தது, பிசின் விரலைப் பிடிக்கிற மாதிரி. ஒரு நூல் அளவு இழுத்தார், பிறகு தீக்குள். இப்போது இரண்டு கையிலும் இருப்பது ஒரே குழாய், நடுவில் ஒரு தடித்த தழும்பு. அந்தத் தழும்பு உருகி மறையும்வரை உருட்ட வேண்டும், மறைகிறபோது ஊத வேண்டும். ரப்பர் குழல் ஏற்கெனவே வாயோரத்தில் தொங்கியது, மறுமுனையில் கார்க் அடைத்திருந்தது. அலமாரியில் போன் அடித்தது. செல்லக்கனிதான், வேறு யார் கூப்பிடப்போகிறார்கள். திரும்பவில்லை. அடித்தது, அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு அவன் சொன்னானே, அப்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது பரவாயில்லை, கூட்டத்தில் ஒருவன் சொன்னால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சமையலறை நிலைப்படியில் நின்ற செல்லக்கனியும் சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு, மூடியதுக்கு மேலே கண்ணால் சிரித்தாள். அதை அவர் பார்த்தார். அதை அவர் பார்த்தார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவளோடு சண்டை போட முடியுமா, அவள் கையால் சாப்பிட்டாக வேண்டும், அவளோடுதான் படுத்து எழுந்திருக்க வேண்டும், அவள் மேல் வர வேண்டிய கோபத்தையும் சேர்த்துத் தவசிமுத்து பெயரில் எழுதிவைத்தார். பாவம், அவன் தன் பங்கையும் சுமக்கிறான், அவள் பங்கையும் சுமக்கிறான். இது என்ன புதுசாக இருக்கிறது, அவனைப் பாவம் என்று நினைத்தேனா, கையைப் பார், கோணவில்லையே. கோணவில்லை. தழும்பு கரைந்து தேனாகி, குழாய் அந்த இடத்தில் தொய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. ஊது.

ஊதினார். மெல்ல, குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுகிற மாதிரி மெல்ல. சுருங்கிய இடம் நிமிர்ந்தது, நிமிர்ந்து கொஞ்சம் புடைத்தது, உள்ளிருந்து அவருடைய மூச்சு அதைத் தள்ளியது. மூச்சைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா சுயம்பு? இவ்வளவு நாள் இந்த மூச்சு எதற்கு உதவியது, யார்டில் துருப்பொடியை இழுத்து இருமியது, ராத்திரி குறட்டை விட்டது, வெந்நீரை ஊதிக் குடித்தது, திட்டியது. ஒரு நாளாவது இன்ன உருவம் என்று நின்று காட்டியதா? இதோ நிற்கிறது, பளபளவென்று, புறாமுட்டை அளவுக்கு, அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. மறுபடி தீயில் சுருங்கவிட்டார், மறுபடி ஊதினார், சுருக்கு, ஊது, ஒவ்வொரு தடவையும் தழும்பு இன்னும் கொஞ்சம் காணாமல்போனது. கார்க் அடைத்த முனை எங்கேயும் சீறவில்லை, தீ எங்கேயும் சிணுங்கவில்லை, பொத்தல் இல்லை. கடைசியில் இழுத்து நேர்செய்து பார்த்தபோது எந்த இடத்தில் ஒட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தேடினார். இங்கேயா, இல்லை, இங்கே. தெரியவில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, ரப்பர் குழலைக் கடித்துக்கொண்டு மூக்கால் சிரித்தார், உடம்பு குலுங்கியது, உடம்பு குலுங்கினாலும் இரண்டு கையும் அதுபாட்டுக்கு ஒரே சீராக உருட்டிக்கொண்டிருந்தன, அந்த அண்ணன் தம்பி எப்போது சமாதானமாகிப்போனார்களோ.

வேலை முடிந்தது. முடிந்தது என்று மனசு சொன்ன அந்த நொடியே குழாய் இடது கைக்கு மாறி, வலது கை கீழே இறங்கி, பர்னரின் திருகைப் பிடித்துவிட்டது. இவர் சொல்லவே இல்லை, அது தானாகப் போயிற்று. இதுதான் இடம், இவ்வளவு நாளும் உடைந்தது இந்த இடத்தில்தான், இன்றைக்குத்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது. யார்டில் கடைசி நூல் அறுபட்டு இரும்பு விழுகிற சத்தம் கேட்கும் முன்பே திருகை மூடியிருக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து முதலாளி கத்துவார், "ஏல, சிலிண்டர் காத்து என்ன உங்கப்பன் வீட்டுக் காத்தா? மூடுல!" மூடி மூடி விரலுக்கு அதுவே பிறவிக்குணம் ஆகிவிட்டது, வேலை முடிந்த பிறகு எரிகிற தீ திருட்டு என்று. ஆனால் கண்ணாடிக்கு வேலை முடிந்த பிறகுதான் தீ வேண்டும். ஒட்டிய சூட்டோடு அப்படியே விட்டால் ஒரு பக்கம் முந்தி ஆறும், ஒரு பக்கம் பிந்தி ஆறும், இரண்டும் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு நின்று, கடைசியில் டிக். ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்து, தீயை மஞ்சளாக்கி, அந்தக் கொழகொழத்த சோம்பேறித் தீயில் சும்மா உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், புகைக்கரி படிகிற வரைக்கும். கொஞ்சம் குறை, கொஞ்சம்தான். விரல் திருகியது. நில். விரல் இன்னும் திருகப் பார்த்தது. நில்லுல. காத்து எங்கப்பன் வீட்டுக் காத்துதான், என்ன இப்போ? சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, செலின் எட்டிப் பார்த்தாள். விரல் நின்றது. தீ நீலம் மாறி, மஞ்சளாகி, அகலமாகி, கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆடியது. அதற்குள் குழாயைக் காட்டி உருட்டினார். எதையும் ஒட்டவில்லை, எதையும் அறுக்கவில்லை, எதையும் செய்யாத தீ. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கோவில் கொடை முடிந்த மறுநாள் ஊர் இருக்குமே, கொட்டு இல்லை, கூட்டம் இல்லை, ஆனால் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, அந்த மாதிரி இருந்தது. முதலாளி எந்தக் கொட்டகையிலிருந்தும் கத்தவில்லை. செல்லக்கனி எதற்காகச் சிரித்தாளோ, ஒருவேளை சிரிப்பு வந்தது, சிரித்தாள். அறுக்கத் தெரியும் ஒட்டத் தெரியாது, கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும், பாத்திரக்கடைக்காரன் வாயில் இப்படி ஒரு சொல் எப்படி வந்து விழுந்தது. கரி படிந்தது. முதலில் பட்டு நூல் மாதிரி, பிறகு வெல்வெட் மாதிரி, குழாய் முழுக்கக் கறுத்துப்போயிற்று. போதும் என்று செலின் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. பிறகு அவருக்கே தெரிந்தது, போதும்.

எழுந்தார். மூட்டு சொடுக்கிய சத்தத்துக்கே உயிர் போய் வந்தது, குழாய் இல்லை, மூட்டுதான். நடந்தார். செலின் முன்னால் ஓடிச் சூளைக் கதவைத் திறந்தாள், அனல் முகத்தில் அடித்தது, இடுக்கியில் பிடித்து உள்ளே வைத்தார், இடுக்கியை வெளியே எடுத்தார், கதவு மூடியது. ஒரு சத்தமும் இல்லை. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றுமில்லை. "போயிட்டு அண்ணாச்சி," என்றாள் செலின், "முழுசா உள்ள போயிட்டு!" அவர் கரிபடிந்த இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிணற்றில் விழுந்தவனைக் காப்பாற்றி மேலே வந்தவன் மாதிரி நின்றார். அப்போது போன் மறுபடியும் அடித்தது. "கையெல்லாம் கரி. நீயே எடு தாயி." அவள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏங்க, எத்தன தடவ அடிக்கது? என்ன ஆச்சு?" என்றாள் செல்லக்கனி. அவளுக்குப் பின்னால் மண்டபமே இரைந்தது. மைக்கில் யாரோ மொய் எழுதக் கூப்பிட்டார், காதுகுத்திய பிள்ளை வீறிட்டது, அந்த அழுகைக்கும் மேலே அந்தக் குரல், அலுமினியக் குடத்தைத் தட்டியது மாதிரி, "என்ன மதினி, சகலை இன்னைக்கும் அறுத்துட்டாராமா?" கூட்டம் சிரித்தது. செல்லக்கனி சிரித்தாளா என்று அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். சிரிக்கவில்லை. மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஓடிவந்து நிற்கிறவள் மாதிரி. ஒரு சொல் சொன்னால் போதும். ஒட்டிக்கிச்சு. அவள் சொன்ன சொல் மாறாதவள், செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்றால் கூப்பிட மாட்டாள். இனி எந்த விசேஷத்துக்கும் பட்டுச்சேலை மடிப்பை எடுத்துக்கொண்டே அந்தப் பேச்சு வராது, அவள் தனியே போவாள், தனியே வருவாள், வரும்போது வெற்றிலை மட்டும் வாங்கிவந்து கொடுப்பாள். வாசல் அடைபட்டது. அவர் ஜெயித்தார். ஜெயித்ததை யாரிடம் சொல்லுவது? இந்த ஊரில் அவருக்கு ஒட்டத் தெரியாது என்று சொன்ன ஆள் ஒருத்தன்தான், ஒட்டிவிட்டது என்று கேட்டு முகம் கோணிப்போக வேண்டிய ஆளும் அந்த ஒருத்தன்தான், அவனிடம் சொல்ல முடியாது என்றால் இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. சரி, வாரேன் என்று சும்மா சொல்லலாமே. ஐயோ, அதைச் சொல்ல நாக்கு எழாது. பல்லைப் பிடுங்கினாலும் எழாது.

"உடைஞ்சிருச்சு," என்றார்.

செலின் வாயைத் திறந்தாள். அவர் கரிக் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் பேசாதே என்றார்.

"உடைஞ்சிருச்சா?" என்றாள் செல்லக்கனி. குரல் எங்கேயோ மேலே ஏறிக்கொண்டு போயிற்று.

"ரெண்டு துண்டா."

"அப்போ வாரீயளா?"

"பின்ன? பந்தயம்னா பந்தயம்தான? தோத்தவன் வந்துதான ஆகணும். எனக்கு இலையப் போட்டு வையி. அந்த ஆளுக்குப் பக்கத்துல போட்டுராத."

"சரி சரி, போடல, தூரமாப் போடுதேன்."

"தூரமா எதுக்கு? எதிர்ல போடு."

போன் அணைந்தது. செலின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "இது என்ன அநியாயம் அண்ணாச்சி! நல்லா ஒட்டுன குழாய இப்படிப் பொய் சொல்லி உடைச்சுட்டீயளே, கண்ணாடி கோவிச்சுக்கிடாதா?"

"உள்ள போனது உடையாதுன்னு நீதான சொன்ன?" என்றார் சுயம்புலிங்கம். "நாளைக்கு நான் வாரதுக்கு முந்தி நீ திறந்துராத. வரும்போது ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தாலும் வருவேன், சொல்ல முடியாது." குழாயடியில் போய்க் கையைக் கழுவினார், சோப்புப் போட்டும் கரி முழுக்கப் போகவில்லை, நகக்கண்ணில் நின்றது. இருக்கட்டும், கேட்டால் உடைஞ்சதுல படிஞ்சது என்று சொல்லிக்கொள்ளலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் பந்தி முடிந்திருக்கும், இரண்டாவது பந்திக்குள் போய்விட வேண்டும், நல்லி எலும்பெல்லாம் இரண்டாவது பந்தியோடு தீர்ந்துவிடும். மண்டபத்துக்குச் சீக்கிரம் போகிற வழி எது என்று ஒரு நிமிஷம் யோசித்தார். மருதநாயகம் கடைத் தெரு வழியாகப் போனால் பாதி தூரம்தான். முணுமுணுவென்று எதையோ திட்டிக்கொண்டே அந்தத் தெருவுக்குள் திரும்பி, ஓட்டமும் நடையுமாகப் போனார்.